பிரேக் ஆணியும் முதல் பிடிப் பூண்டும்

ஆவணி மாதம், வளர்பிறை, வியாழக்கிழமை. முந்தின இரவு அடித்த காற்றில் பூம்பாறைக்குப் போகிற ரோட்டில் பெரிய மரம் ஒன்று விழுந்து, மேல்மலை ஜீப்புகள் எல்லாம் கொடைக்கானலிலேயே நின்றுவிட்டன. பால் ஊற்றுகிறவர் வெள்ளனே வந்து இதைச் சொன்னபோது, அக்கா கழுத்துவரை ஸ்வெட்டர் போட்டு, அதன்மேல் மப்ளரும் சுற்றிக்கொண்டு வாசலில் தயாராக நின்றாள்.

"சாயங்காலத்துக்குள்ள மரத்த அறுத்துருவாங்கம்மா" என்றார் அவர்.

சாயங்காலம் எங்களுக்கு உதவாது. அன்று அக்காவின் காட்டில் பூண்டு எடுப்பு. உச்சிக்கு முன் நல்ல நேரம் முடிவதற்குள் அவள் அங்கே நின்றாக வேண்டும்.

காடு மன்னவனூர் தாண்டி ஒரு சரிவில் படிப்படியாக இறங்கும். பட்டா அக்காவின் கணவர் பேரில். அவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். அவரும் அவர் தம்பியும் சேர்ந்து பாடுபட்ட நிலம். மாசியில் மாமா நெஞ்சுவலியில் போய்விட்டார். அதன்பின் நடவு, களை, தண்ணீர் எல்லாம் தம்பி ஒருவர்தான் பார்த்தார். அதை மறுக்க முடியாது. ஆனால் அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பூண்டு எடுக்கிற அன்று, கூலிப் பெண்கள் காட்டில் இறங்குமுன், காட்டுக்கு உடைய வீட்டுப் பெண் முதல் பிடியைப் பிடுங்கிச் சூடத்தட்டுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். கல்யாணமாகிப் போனதிலிருந்து எல்லாப் போகத்திலும் அக்காதான் அதைச் செய்தாள். இந்தத் தடவை கொழுந்தனிடமிருந்து போன் வந்தது. "மதினி, நீங்க குளிருல எதுக்கு அலஞ்சுக்கிட்டு? எங்க வீட்டு ஆளே புடுங்கிக்கிடும்."

அவர் சொன்னது அவ்வளவுதான். புருஷன் இல்லாதவள் முதல் பிடி பிடுங்கலாமா என்று யாரும் கேட்கவில்லை. யார் கை முதலில் படுகிறதோ அவர்கள் காடு என்றுதான் ஊர் பேசும் என்பதையும் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டு அக்கா, "நான் போறேன்" என்றாள். மாசியிலிருந்து தெருமுனைக் கடைக்குக்கூடப் போகாதவள் அவள்.

ஜீப் இல்லை என்றானதும் மிச்சம் இருந்தது மாமாவின் வண்டிதான். சேறு, கல், ஓடை என்று எதிலும் ஏறுவதற்கென்றே செய்த ஆஃப்ரோடு பைக். நெட்டையான உடம்பு, கட்டம் கட்டமாகப் பல் வைத்த டயர். ஐம்பதைத் தாண்டிய பிறகு அவர் அதை வாங்கியபோது மலையே சிரித்தது. "மாமா, இதுல ஏறுறதுக்கு ஏணி தனியா விப்பாங்களா?" என்று நானும் கேட்டேன். காட்டுக்கு ரோடு பாதி வருஷம் இருக்காது, இந்த வண்டி முழு வருஷமும் போகும் என்றார். அவர் போன பிறகு வண்டியைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று நானே எடுத்துக்கொண்டேன். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன். படிக்கிற நேரம் போக மிச்சம் நிறைய. முதல் நாள் மாலைதான் பல் துலக்கும் பழைய பிரஷ்ஷை வைத்து வண்டியின் ஒவ்வொரு இடுக்கையும் தேய்த்துக் கழுவினேன். பின் பிரேக் பெடலைக் கழற்றிச் சேற்றை எடுத்துத் திரும்ப மாட்டினேன். எதையும் ஒழுங்காகச் செய்கிறவன் என்று எனக்கு ஒரு பேர். அந்தப் பேரை என்னைவிட அதிகமாக நம்பியவர் யாருமில்லை.

விழுந்த மரத்தைச் சுற்றிக்கொண்டு போக ஒரு மண்பாதை இருக்கிறது. வாட்டில் மரங்களுக்கு நடுவே ஏறி, ஒரு முகட்டைத் தொட்டு, மறுபக்கம் இறங்கி ரோட்டோடு சேரும். அக்கா ஒருபக்கமாக உட்கார்ந்து என் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள். ஏற்றம் தொடங்கியதும் வாய் திறந்தாள்.

"ஏலே, குழியப் பாத்து விட்றா. ஒவ்வொண்ணையும் வெசாரிச்சுட்டே போற."

"நீ கெட்டியாப் பிடி."

"பிடிச்சுத்தான் இருக்கேன். சட்ட கிழிஞ்சா ஒம் பொண்டாட்டி எங்கிட்டத்தான் சண்டைக்கு வருவா."

ஆறு மாதத்தில் அவள் சிரித்துக் கேட்டது அப்போதுதான். பனி மேலேறிக்கொண்டிருந்தது. ஓரிடத்தில் காட்டெருமைச் சாணம் புதிதாகக் கிடந்தது. அதைப் பார்த்து, "ஒன்ன விட முன்னாடியே கெளம்பிட்டாரு ஒருத்தரு" என்றாள். நானும் சிரித்தேன். முகட்டில் இறக்கம் தொடங்குமிடத்தில் பின் பிரேக்கில் காலை அழுத்தினேன். பெடல் அடிவரை போனது. ஒன்றும் பிடிக்கவில்லை. முன் பிரேக்கை மட்டும் பிடித்து வண்டியைச் சறுக்கி நிறுத்தினேன்.

இறங்கிக் குனிந்து பார்த்தேன். பெடலையும் பிரேக்கைத் தள்ளும் தண்டையும் சேர்த்துப் பிடிப்பது சுண்டுவிரல் நகக்கண் அளவுள்ள ஓர் ஆணி. அது கழன்று விழாமல் இருக்க அதன் முனைத் துளையில் ஸ்ப்ளிட் பின் என்று மெல்லிய கம்பி ஒன்றை மடக்கி விட்டிருப்பார்கள். அந்தக் கம்பி இல்லை. ஆணி முக்கால்வாசி வெளியே வந்து தொங்கிக்கொண்டிருந்தது. ஒருமுறை வளைத்த அந்தக் கம்பியைத் திரும்பப் போடக் கூடாது, முறிந்துவிடும். புதிதுதான் போட வேண்டும். இதை நான் படித்திருக்கிறேன். படித்துவிட்டும் முதல் நாள் பழையதையே நிமிர்த்திப் போட்டேன். புதிது வாங்கக் கடைத்தெரு வரை போக வேண்டுமே என்ற சோம்பல்தான்.

ஆணியை உள்ளே தள்ளிக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டேன். விட்டால் சேற்றில் விழும், கிடைக்காது. முன்னாலும் இறக்கம், பின்னாலும் இறக்கம். பின் பிரேக் இல்லாமல், ஒருவரைப் பின்னால் வைத்துக்கொண்டு, ஈரமண்ணில் எந்தப் பக்கமும் போக முடியாது. துளையில் விட ஒரு மெல்லிய கம்பி வேண்டும்.

எங்கள் வீட்டில் ஊக்கு என்று கேட்டால் பெண்களின் கை கழுத்துக்குத்தான் போகும். முள் குத்தினால், செருப்பு வார் அறுந்தால், பையின் ஜிப் பிய்ந்தால், பள்ளிக்கூடம் கிளம்பும்போது சட்டைப் பொத்தான் தெறித்தால், அம்மாவானாலும் அத்தையானாலும் அக்காவானாலும் தாலிக் கொடியிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றித் தருவார்கள். என் மனைவியின் கொடியில் எப்போதும் நாலைந்து கிடக்கும். அவற்றை எண்ணிக் கேலி செய்வேன். எல்லாம் பழக்கம்.

நிமிராமல், ஆணியிலிருந்து கண்ணை எடுக்காமல், மற்றக் கையைப் பின்னால் நீட்டினேன்.

"அக்கா, தாலியில ஊக்கு கெடக்கும்ல, ஒண்ணு கழட்டிக் குடு. வெரசா."

கையில் எதுவும் வந்து விழவில்லை. திரும்பிப் பார்த்தேன். அவள் கையும் மப்ளருக்குள் போயிருந்தது. அவளுக்கும் பழக்கம்தான். உள்ளே போன கை அங்கேயே நின்றது. பிறகு மெதுவாக வெளியே வந்தது.

"இல்லடா" என்றாள்.

மாமாவின் வருஷத் திதி எந்த நாளில் வரும் என்று பஞ்சாங்கம் பார்த்து எல்லோருக்கும் சொன்னவன் நான். பதினாறாம் நாள் அக்கா கழுத்திலிருந்து தாலியை வாங்கியபோது கூடத்தின் கதவோரம் நின்றவன் நான். இந்த மலையில் எந்தக் கோயிலுக்கு எப்போது கும்பாபிஷேகம், எந்த வெள்ளத்தில் எந்தப் பாலம் போனது, எங்கள் உறவில் யார் பிறந்தது என்ன நட்சத்திரம் என்று என்னிடம்தான் கேட்பார்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

"ஐயோ, அக்கா, நான்... ஏதோ நெனப்புல. வண்டி இப்படி ஆயிருச்சா, அந்தப் பதட்டத்துல. மன்னிச்சுரு. சத்தியமா நான் வேணும்னு..."

வாயை மூட வேண்டிய இடத்தில் மூடத் தெரியவில்லை. சின்ன வயசுப் பழக்கம் என்றேன். அம்மாவிடம் அப்படிக் கேட்டுக் கேட்டு என்றேன். அம்மாவும் கடைசி வருஷங்களில் தாலி இல்லாமல் இருந்தவள் என்பது பாதி வாக்கியத்தில் நினைவு வந்து நிறுத்தினேன். அது இன்னும் மோசமாக இருந்தது.

"ஆணிய விட்றாதடா" என்றாள். "அதப் பிடி மொதல்ல."

பாதையோரப் பாறையில் போய் உட்கார்ந்தாள். பனி எங்களைத் தாண்டி மேலே போயிற்று. கீழே மரம் அறுக்கும் மிஷின் சத்தம் விட்டுவிட்டுக் கேட்டது. நான் ஒரு விரலால் வண்டியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன்.

"நானும் மறந்துட்டுத்தான்டா உக்காந்து வந்தேன்" என்றாள். "வண்டியில வர்றப்ப நல்லாருந்துச்சு. அவரு பின்னாடி உக்காந்து போற மாதிரி." கொஞ்சம் பொறுத்து, "வேணாம். திருப்பு. வீட்டுக்குப் போயிரலாம். ஒனக்கே வாயில வந்துருச்சு. அங்கன நிக்கிறவளுகளுக்குக் கண்ணு எங்க போகும்? எங் கழுத்துக்குத்தான் போகும். நான் குனிஞ்சு பூண்டப் பிடுங்கணும், அவளுக பாத்துட்டு நிக்கணும். அந்தப் புள்ளையே பிடுங்கட்டும்."

அந்தப் புள்ளை என்றது கொழுந்தன் மனைவியை.

இந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று இப்போது நன்றாகத் தெரிகிறது. அன்று நான் சொன்னது, "சரிக்கா, ஒன் இஷ்டம்." சொன்னதோடு, ஆணியைப் பிடித்தபடியே, வண்டியை இந்தக் குறுகலில் எப்படித் திருப்புவது என்று கண்ணால் அளக்கவும் தொடங்கினேன். அவள் முகத்தை அவ்வளவு பேர் முன்னால் பார்க்க வேண்டாம், நான் அவள் கொழுந்தனோடு பேச வேண்டாம் என்று நினைத்தபோது மனசு லேசானது. என் வாயால் அவள் திரும்பிப் போகிறாள். எனக்கு அது வசதியாகவும் இருந்தது.

நான் சும்மா அளந்துகொண்டிருப்பதை அவள் பார்த்திருக்க வேண்டும்.

"திருப்புறதுக்கும் பிரேக்கு வேணும்ல?" என்றாள்.

"வேணும்."

ஸ்வெட்டரின் மேல் பொத்தான்களைக் கழற்றி, தோளில் முந்தானையைப் பிடித்திருந்த ஊக்கை எடுத்து நீட்டினாள். "இதக் கேட்டிருக்கலாம்ல, மடையா."

வாங்கிக்கொண்டேன். முதலில் ஊக்கின் முனையால் ஆணித் துளையில் அடைத்திருந்த மண்ணைக் குத்தி எடுத்தேன். அப்படியே விட்டுப் பூட்டலாம் என்றால் பூட்டுகிற தலை கால்மிதிக் கம்பியில் இடித்தது. சீட்டுக்கு அடியிலிருந்த பிளையரை எடுத்துத் தரச் சொல்லி, ஆணியைப் பிடிக்கும் வேலையை அக்காவிடம் கொடுத்தேன். அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு சேற்றில் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். ஊக்கின் தலையை நசுக்கி எடுத்துவிட்டுக் கம்பியை நிமிர்த்தினேன். அதை இரண்டாக மடித்தேன். மடித்த இடத்தில் டிக்கென்று ஒடிந்தது.

அக்கா ஒடிந்த துண்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒன்னய நம்பித்தான் தபாலெல்லாம் போச்சா இத்தன வருசம்?"

"அது நல்ல எஃகு. வளைஞ்சா ஒடியும்."

"அப்ப வளைக்காத."

இடுப்பில் கொசுவத்தைப் பிடித்திருந்த ஊக்கை எடுத்தாள். "இதுதான் கடேசி. இதுவும் போச்சுன்னா நான் சேலையக் கையில புடிச்சுக்கிட்டுத்தான் வரணும். அப்புறம் ஒருத்தியும் கழுத்தப் பாக்கமாட்டா." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சிரிக்கலாமா என்றும் தெரியவில்லை.

இந்தத் தடவை மடிக்கவில்லை. தலையை மட்டும் எடுத்துவிட்டு, ஊக்கின் சுருள் ஒரு பக்கம் தடையாக நிற்க, ஒரு காலைத் துளையில் விட்டு, மறுபக்கம் வந்த முனையைப் பிளையரால் கொஞ்சம் கொஞ்சமாக, ஒடியாத அளவுக்கு, ஆணியைச் சுற்றிச் சாய்த்தேன். பிளையர் பிடியில் சுற்றியிருந்த கறுப்பு டேப்பை உரித்து மேலே நாலு சுற்றுச் சுற்றினேன். பெடலை அழுத்தினேன். பிடித்தது. திரும்பத் திரும்ப அழுத்தினேன். ஆணி அசையவில்லை. கொஞ்ச நேரம் நான் எல்லாவற்றையும் மறந்து, ஒரு நல்ல வேலை செய்த சந்தோஷத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதுவும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா எழுந்து கையைப் புல்லில் துடைத்தாள். முந்தானையை இழுத்து ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டாள்.

"வண்டி எந்தப் பக்கம் பாத்து நிக்குது?"

"மன்னவனூர் பக்கம்."

"அப்ப அங்கிட்டே விடு. ஒன்னய நம்பி இந்தச் சந்துல திருப்பச் சொல்ல எனக்குப் பயமா இருக்கு."

போனோம். இறக்கம் முழுக்க இரண்டாம் கியரில், பெடலைத் தொட்டுத் தொட்டு. மனசுக்குள் பேசிக்கொண்டே வந்தேன். கொழுந்தன் என் வயசுக்காரர். ஒருவரையொருவர் மாப்ளே என்று கூப்பிட்டுக்கொள்வோம். அவரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்தேன். மாப்ளே, இது எங்க அக்கா கை பட்ட காடு, இன்னைக்கும் அவதான் பிடுங்கணும், இதுல பேச்சு வேணாம். இவ்வளவுதான். நல்ல வாக்கியம் என்று பட்டது. முகட்டில் செய்த தப்பை இதைச் சொல்லி ஈடுகட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

காட்டின் மேல்படியில் எல்லோரும் நின்றார்கள். கூலிக்கு வந்த பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர், தலையில் துண்டும் கையில் கூடையுமாக. கொழுந்தன் தட்டில் சூடம் வைத்திருந்தார். அவர் மனைவி புதுச்சேலையில், பூ வைத்துக்கொண்டு, முதல் வரிசைப் பூண்டுக்குப் பக்கத்தில் நின்றது. பாவம், அந்தப் பெண்ணுக்கும் அங்கே நிற்கப் பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. எங்களைப் பார்த்ததும் ஒரு எட்டுப் பின்னால் போயிற்று.

"வாங்க மதினி! இதுல ஏறியா வந்தீங்க? என்ன மாப்ளே, கூட்டியாந்துட்டீகளே இந்த வழியா, மதினிக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா?" என்றார் கொழுந்தன். "உக்காருங்க மதினி. அந்தச் சாக்க விரிங்கப்பா. நீங்க கண்ணால பாத்தாப் போதும். அவ பிடுங்குவா. என்ன மாப்ளே, நான் சொல்றது?"

கேள்வியை அவரே என்னிடம் எடுத்துக் கொடுத்தார். எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அக்காவும் திரும்பினாள். அவள் முகத்தில் கெஞ்சல் எதுவும் இல்லை. தம்பி பேசுவான் என்று காத்திருக்கிற சாதாரண முகம்.

என் வாக்கியம் தயாராக இருந்தது. ஆனால் வாய் திறக்குமுன் அது எப்படி வந்து விழும் என்று பயம் வந்தது. காலையில் அந்த ஒரு பேச்சில் பட்டது போதாதா? கூட்டத்துக்கு நடுவே இன்னொன்று தப்பாக வந்துவிட்டால்? கை பட்ட காடு என்று சொல்லப்போய் வேறு எதையாவது தொட்டுவிட்டால்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், அத்தனை பேர் முன்னால் ஓர் ஆளை மறுத்துப் பேசி எனக்குப் பழக்கமில்லை. புத்தகம் படிக்கும்போது மனசுக்குள் நான் வாதாடாத விஷயம் கிடையாது.

"பிரேக்கு ஒரு மாதிரியா இருக்கு, ஒரு நிமிஷம் பாத்துர்றேன்" என்றேன். குனிந்தேன். டேப் சுற்றிய அந்த இடத்தை விரலால் அமுக்கிப் பார்த்தேன். அது கெட்டியாகவே இருந்தது. திரும்பவும் அமுக்கினேன்.

தலைக்கு மேலே அக்காவின் குரல் கேட்டது.

"ஏன்டி எல்லாரும் கூடையத் தூக்கிட்டு செல மாதிரி நிக்கிறீங்க? மழ வருது, பாக்கலயா? எறங்குங்க. எறங்குங்கடி எல்லாரும்!"

முப்பது போகத்துக்கு மேல் அந்தக் குரலைக் கேட்டுத்தான் அந்தப் பெண்கள் இறங்கியிருக்கிறார்கள். நான் நிமிர்ந்தபோது எல்லோரும் ஏற்கனவே காட்டுக்குள் இருந்தார்கள். அக்கா இடுப்பை வளைத்துக் குனிந்திருந்தாள், கையில் மண்ணோடு ஒரு கொத்து. கொழுந்தன் மனைவியும் குனிந்திருந்தது, அதன் கையிலும் ஒரு கொத்து. சூடத்தட்டுக்குப் பக்கத்தில் இரண்டு பிடிப் பூண்டு கிடந்தன. மழை பிடித்துக்கொண்டது. கொழுந்தன் சூடத்தை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு, "சரி சரி, நல்லபடியா ஆச்சு" என்றார். அன்று யாரும் மேற்கொண்டு பேசவில்லை. பேச மழை விடவில்லை.

பேச்சு புரட்டாசியில் வந்தது. அடுத்த நடவை யார் பார்ப்பது என்று மாமாவின் சித்தப்பா இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். தள்ளாத வயசு, நியாயமானவர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். என் பெண்டாட்டிதான் முதல் பிடி பிடுங்கினாள், இத்தனை நாள் பாடுபட்டவனும் நான்தான் என்றார் கொழுந்தன். நான்தான் பிடுங்கினேன் என்றாள் அக்கா. கொழுந்தன் மனைவியைக் கேட்டார்கள். அது தரையைப் பார்த்து, "மழையில தெரியலங்க மாமா" என்றது. கூலிக்கு வந்தவர்களைக் கேட்பது மரியாதையில்லை என்று விட்டுவிட்டார்கள். பெரியவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"அதான் தம்பி இருக்காருல்ல. நம்ம வீட்டுக் கணக்கெல்லாம் இவருகிட்டத்தான கெடக்கு. நீங்க அங்கனதான நின்னீக? சொல்லுங்க. யாரு கை முந்துச்சு?"

அக்காவின் கைதான் என்று சொல்லியிருக்கலாம். அவள் பொய் சொல்கிறவள் இல்லை. அவள் சொன்னால் அதுதான் நடந்திருக்கும். ஆனால் எனக்குத் தெரியாது. நாள், கிழமை, திதி, பனி ஏறியது, மழை இறங்கியது எல்லாம் தெரியும். அந்த ஒன்று மட்டும் தெரியாது.

"நான் பாக்கலங்க."

"அங்கதான நின்னீக?"

"நின்னேன். குனிஞ்சு வண்டியப் பாத்துக்கிட்டிருந்தேன்."

யாரோ பின்னாலிருந்து, "காட்டப் பாக்கக் கூட்டிப் போனா வண்டியப் பாத்திருக்காரு" என்றார்கள். நாலைந்து பேர் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "அவன் பாத்தா என்ன, பாக்காட்டி என்ன. பிடுங்குனவளுக்குத் தெரியாதா?" என்றாள். அது சரிதான் என்றார் பெரியவர். ஆனாலும் சாட்சி இல்லை, ரெண்டு பேரும் வேண்டியவங்க, மேல்படி மூத்த மருமக பாக்கட்டும், கீழ்ப்படி சின்னவன் பாக்கட்டும், பாதிப் பாதியா வச்சுக்கங்க என்று முடித்தார். பட்டா யார் பேரில் என்று எடுத்துப் பேசுகிற குடும்பம் அது இல்லை. அக்கா தலையாட்டினாள். ஈரம் கீழ்ப்படியில்தான் நிற்கும். நல்ல மண் அங்கேதான்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது, "அக்கா, நான் அன்னைக்குப் பேசியிருக்கணும்" என்றேன்.

"ஆமா" என்றாள். பரவாயில்லை என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. சொல்லவில்லை.

ஐப்பசி நடவிலிருந்து அவள் வாரத்தில் இரண்டு மூன்று நாள் தானாகவே மேல்மலைக்குப் போகிறாள், கூலிக்குப் போகிற பெண்களோடு ஜீப்பில். என்னை வரச் சொல்வதில்லை. போன வாரம் கடைத்தெருவில் காய் வாங்கிக்கொண்டு வரும்போது, நிரம்பிக் கிளம்பிக்கொண்டிருந்த ஜீப்பின் உள்ளே அவள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் விதைப்பூண்டு மூட்டை. மப்ளர் சுற்றவில்லை. பக்கத்துப் பெண் எதையோ சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். என்னைப் பார்த்ததும் நகர்ந்து கொஞ்சம் இடம் விட்டாள்.

"ஏறுறியாடா? வா, எடம் இருக்கு."

"சோலி கெடக்குக்கா" என்றேன்.

ஜீப் திரும்பி மறைகிறவரை அங்கேயே நின்றேன். எனக்கு ஒரு சோலியும் இல்லை.